பழைய காரைப் புதிதாக விற்ற கம்பெனி

1997-ல் அமெரிக்காவின் சில நிஸான் ஷோரூம்களுக்குப் போனவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போயிருப்பார்கள். அந்த ஆண்டின் புத்தம் புதுக் கார்களுக்கு நடுவே, கால் நூற்றாண்டுக்கு முன்னால் செய்து, விற்று, ஊரெல்லாம் ஓடிக் களைத்த ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. காட்சிப் பொருளாக அல்ல, விற்பனைக்கு. விலை ஏறக்குறைய 25,000 டாலர். அதற்கு ஒரு வருட வாரண்டியும் உண்டு. அதே கார் 1970-ல் முதன்முதலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 3,526 டாலர்.

அந்தக் கார், டாட்சன் 240 இசட். தான் எப்போதோ விற்ற கார்களைத் தானே தேடிப்பிடித்துத் திரும்ப வாங்கி, நட்டு நட்டாகப் பிரித்து, புதிதாக்கித் தன் டீலர்கள் மூலமாகவே நிஸான் விற்றது. கார் கம்பெனிகளின் சரித்திரத்தில் இப்படி ஒரு வேலையில் இறங்கியவர்கள் சொற்பம். இறங்கிய நிஸானும் சீக்கிரமே கையை எடுத்துக்கொண்டது.

எழுபதுகளின் ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்று உலகம் முழுக்க ஏலத்துக்கும் விற்பனைக்கும் வந்தபடி இருக்கின்றன. 'முழுமையாக ரெஸ்டோர் செய்யப்பட்டது' என்ற வரி இல்லாத விளம்பரம் அபூர்வம். அந்த ஒரு வரிக்கு என்ன விலை, அதை யார் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள 240 இசட்டின் கதையைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மிஸ்டர் கே

டாட்சன் என்றால் நம் ஊரில் பலருக்கும் நினைவு வருவது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரான குட்டிக் கார் 'கோ'. அந்தப் பெயரை 2022-ல் நிஸான் மறுபடியும் மூட்டை கட்டிவிட்டது. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்க இளைஞனிடம் டாட்சன் என்று சொல்லியிருந்தால், அவன் கண்ணில் விரிந்திருக்கும் படமே வேறு.

அந்தப் படத்தை வரைய வைத்தவர் யுதாக்கா கதயாமா. நிஸானில் விளம்பரப் பிரிவில் இருந்தவர். 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றும் கடுமையான ராலிப் பந்தயத்துக்கு டாட்சன் அணியை அழைத்துப் போய், தங்கள் பிரிவில் ஜெயித்துத் திரும்பியவர். 1960-ல் கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. தலைமையோடு ஒத்துப்போகாத மனிதரைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. எப்படியானாலும் அனுப்பியவர்களுக்கு அது லாபமாகத்தான் முடிந்தது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்க நிஸானின் தலைவரானார். டீலர்களுக்கு அவர் 'மிஸ்டர் கே'.

அமெரிக்காவில் அப்போது ஜப்பான் கார் என்றால் சிக்கனமான, சலிப்பூட்டும் பெட்டி என்றுதான் பெயர். ஜாகுவார், போர்ஷே வாங்கப் பணம் இல்லாதவர்கள் பிரிட்டனின் எம்.ஜி., டிரையம்ஃப் வண்டிகளை வாங்கினார்கள். மழைக்கு ஒழுகும், காலையில் கிளம்பாது, ஆனாலும் ஓட்டும்போது சந்தோஷமாக இருக்கும். கதயாமா கேட்டது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி: கூரை மூடியது, ஆறு சிலிண்டர், உயரமான அமெரிக்கன் கால் நீட்டி உட்கார இடம், சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலை, காலையில் சாவி போட்டால் கிளம்ப வேண்டும்.

ஜப்பானில் நிஸானின் ஸ்போர்ட்ஸ் கார் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய யோஷிஹிகோ மத்ஸுவோவின் குழு அதை வரைந்தது. நீண்ட பானெட், அதன் இரு பக்கமும் குடைந்து வைத்த ஹெட்லைட், ஓட்டுபவர் ஏறக்குறைய பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், பின்பக்கம் சட்டென்று வெட்டி நிறுத்திய முடிவு. பி.எம்.டபிள்யூ. 507-ஐ வடிவமைத்த ஆல்பிரெக்ட் கெர்ட்ஸ் அறுபதுகளில் நிஸானுக்கு ஆலோசகராக இருந்தவர் என்பதால் இந்த வடிவத்தில் அவருக்கும் பங்கு உண்டா என்று நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. இறுதி வடிவம் மத்ஸுவோ குழுவின் கைவேலை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமானபோது அதற்கு வைத்த பெயர் 'ஃபேர்லேடி இசட்'. நிஸான் தலைவர் கவமத்தா அமெரிக்காவில் 'மை ஃபேர் லேடி' இசை நாடகம் பார்த்து மயங்கி, கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏற்கெனவே சூட்டியிருந்த பெயர் அது. கதயாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. முதலில் கப்பலில் வந்திறங்கிய கார்களிலிருந்து ஃபேர்லேடி முத்திரைகளைக் கழற்றிவிட்டு, '240 இசட்' என்று எழுதிய முத்திரைகளை மாட்டச் சொன்னார். தலைவர் வைத்த பெயரைக் கிளை அதிகாரி கழற்றி எறிகிற துணிச்சல் அந்தக் கால ஜப்பான் கம்பெனிகளில் நினைத்துப் பார்க்க முடியாதது.

3,526 டாலருக்கு என்ன கிடைத்தது?

2,393 சி.சி. கொள்ளளவு. ஆறு சிலிண்டர்கள் ஒரே நேர்வரிசையில். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், தலைக்கு மேல் ஒற்றை கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்க ஏழு பேரிங். பிரிட்டிஷ் எஸ்.யு. பாணியில் ஹிட்டாச்சி செய்த இரட்டை கார்புரேட்டர். அந்தக் காலத்து அளவுமுறையில் 151 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னால் டிஸ்க் பிரேக், ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். வண்டியின் எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எட்டு விநாடி போதும். நீண்ட சாலை கிடைத்தால் மணிக்கு 200 கிலோமீட்டர்.

இந்தப் பட்டியலில் தனியாக எதுவும் அதிசயம் இல்லை. ஏழு பேரிங் இன்ஜின் வேறு கார்களில் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் இருந்தது. எல்லாம் சேர்ந்து இந்த விலைக்குள் இல்லை என்பதுதான் விஷயம். இன்ஜினில் புதுமை காட்டாமல், கம்பெனியின் மற்ற வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் குடும்பத்திலிருந்தே எடுத்தார்கள். நம்பகமான சாமான்களை அழகான உடம்புக்குள் வைத்ததுதான் சூட்சுமம். ஜப்பானில் இரண்டு லிட்டருக்கு மேல் போனால் வரி எகிறும் என்பதால் அங்கே விற்றது பெரும்பாலும் 2,000 சி.சி. இன்ஜின், 2.4 லிட்டர் முக்கியமாக அமெரிக்காவை மனதில் வைத்து வந்தது.

டீலரிடம் பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கம்பெனி விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 1978 வரை இந்த உடல்வாகில் வந்த இசட் கார்கள் எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல். ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் அது பிரமாண்டமான எண். இந்த எண் பின்னால் வேறு விதத்தில் முக்கியமாகப் போகிறது.

சேற்றில் ஜெயித்த வண்டி

அழகான கார் பலமாகவும் இருக்குமா என்ற சந்தேகத்தை ஆப்பிரிக்கா தீர்த்துவைத்தது. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி, அந்தக் காலத்தில் காரை உடைப்பதற்கென்றே நடத்தியதுபோல ஒரு போட்டி. செம்மண் புழுதி, மழை வந்தால் முழங்கால் சேறு, குறுக்கே ஓடும் விலங்குகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 1971-ல் எட்கர் ஹெர்மன், ஹான்ஸ் ஷூலர் ஜோடி 240 இசட்டில் முதலிடம் பிடித்தது.

அந்த ஆண்டு இன்னொரு 240 இசட்டில் இரண்டாவது வந்தவர் ஷேக்கர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த குஜராத்தி. இடி அமீன் ஆசியர்களைத் துரத்திய 1972-ல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். அடுத்த ஆண்டே, 1973-ல், லாஃப்டி டிரூஸ் துணையோடு மேத்தா அதே சஃபாரியை 240 இசட்டில் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் டாட்சன்தான் ஓட்டினார். இருவரின் அபராதப் புள்ளிகளும் சமமாக நிற்க, சமநிலையை உடைக்கும் விதியால்தான் வெற்றி மேத்தாவின் பக்கம் வந்தது. பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை, மொத்தத்தில் ஐந்து சஃபாரி வெற்றிகள். இந்திய வம்சாவளிப் பெயர் ஒன்று உலக ராலி சரித்திரத்தில் இத்தனை அழுத்தமாகப் பதிந்தது வேறு எங்கும் இல்லை.

அமெரிக்காவில் பீட் பிராக்கின் பந்தய அணிக்காக ஜான் மார்ட்டன், 46 என்ற எண் எழுதிய இசட்டில் 1970, 1971 இரண்டு ஆண்டும் தன் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார். எம்.ஜி.க்காரர்களும் டிரையம்ஃப்காரர்களும் அதற்குப் பிறகு 'ஜப்பான் பெட்டி' என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கழுத்தை நெரித்த சட்டங்கள், காலை அரித்த துரு

இறக்கமும் சீக்கிரமே வந்தது. புகைக் கட்டுப்பாட்டுக்காக 1973 மாடலில் கார்புரேட்டரை மாற்றினார்கள். தட்டையான மூடி போட்ட புது கார்புரேட்டர், சூடான இன்ஜினை மறுபடி கிளப்பும்போது மல்லுக்கட்டும். பலர் அதைக் கழற்றி வீசிவிட்டுப் பழைய வட்டத் தலைக் கார்புரேட்டரையே தேடி மாட்டிக்கொண்டார்கள். மோதலைத் தாங்க வேண்டும் என்ற பாதுகாப்புச் சட்டத்தால் பம்பர் தடித்தது, எடை கூடியது. 1974-ல் 260 இசட், 1975-ல் பெட்ரோலை ஊசியாகப் பீய்ச்சும் 280 இசட். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சௌகரியம். ஆனால் எதிலும் ஆரம்ப 240 இசட்டின் துடிப்பு இல்லை. அதனால்தான் இன்றைக்கும் விலை கேட்பவர்கள் முதலில் தேடுவது 1970, 1971-ன் ஆரம்ப வண்டிகளை.

சட்டத்தைவிடப் பெரிய எதிரி துரு. மெல்லிய தகடு, போதாத துருத்தடுப்பு. பனி உருக அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் சாலையில் கொட்டும் உப்பு அடியிலிருந்து அரித்தது. விண்ட்ஷீல்டுக்குக் கீழே காற்று போகும் பள்ளத்தில் சருகு சேர்ந்து வடிகால் அடைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டைத் தின்றது. பாட்டரியிலிருந்து வழிந்த ஆசிட், பாட்டரி உட்கார்ந்த தட்டையும் அதற்குக் கீழே ஓடும் சட்டத்தையும் சேர்த்துத் தின்றது. கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே வளைந்து இறங்கும் மூலை, பின்கதவு உட்காரும் விளிம்பு, கால் வைக்கும் தளம் எல்லாமே துருவின் சொந்த வீடுகள்.

துருவுக்குப் பயந்து காய்ந்த பிரதேச வண்டி வாங்கினால் அங்கே வேறு பிரச்னை. அரிசோனா வெயில் டேஷ்போர்டைப் பிளந்துவிடும். நுரை மேல் வினைல் ஒட்டிய அந்த டேஷ்போர்டு, விரிசல் விடாமல் ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த வண்டிகள் மிகக் குறைவு. வடக்கு வண்டியா, அடி போச்சு. தெற்கு வண்டியா, முகம் போச்சு.

ஐந்து லட்சம் என்ற அந்தப் பெரிய எண் இங்கேதான் கெடுதல் செய்தது. எங்கும் கிடைக்கிற கார் என்பதால் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் யாரும் இதைப் பொத்திப் பாதுகாக்கவில்லை. மூன்றாவது, நான்காவது சொந்தக்காரரிடம் மலிவாகக் கைமாறியது. அகல டயர் மாட்டினார்கள், கூரையை அறுத்தார்கள், பெரிய அமெரிக்க வி-8 இன்ஜினைத் திணித்தார்கள். அசலாக மிஞ்சியவை குறைந்துகொண்டே வந்தன.

பிரித்துப் போட்டபின் தெரிவது

சரி, ஒரு 240 இசட்டை 'ரெஸ்டோர்' செய்வது என்றால் என்ன? டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடிப்பது அல்ல. அது பழைய சுவருக்கு வெள்ளையடிக்கிற கதை.

முறையாகச் செய்பவர் முதலில் எல்லாவற்றையும் கழற்றுகிறார். இன்ஜின், கியர்பாக்ஸ், கண்ணாடி, ஒயரிங், இருக்கை, ரப்பர் பீடிங் என்று ஒவ்வொரு திருகாணியும் எண் எழுதிய பையில் போகிறது. மிஞ்சிய வெறும் கூட்டை, அப்படியே உருட்டித் திருப்பக்கூடிய ஒரு சட்டத்தில் மாட்டுகிறார்கள். அடிப்பக்கத்தை மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டியதில்லை; காரே புரண்டு முதுகைக் காட்டும். பிறகு பழைய பெயின்ட்டையும் பட்டியையும் முழுவதுமாக உரிக்கிறார்கள்.

அதிர்ச்சி இந்தக் கட்டத்தில்தான் காத்திருக்கிறது. வெளியில் ஒரு ரூபாய் அளவு கொப்புளமாகத் தெரிந்த இடம், உள்ளே உள்ளங்கை அளவு ஓட்டையாக இருக்கும். தளத்துக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டங்களை ஸ்குரூ டிரைவரால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அதே மடிப்போடு வளைத்து, பழையபடி ஸ்பாட் வெல்டு தெரிகிற மாதிரி பற்றவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வேலை தொடங்கும் முன் யாராலும் சொல்ல முடியாது. எஸ்டிமேட் என்பது இந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கைதான்.

உள்ளே கியர் கம்பிக்கு இரு பக்கமும், பின்னால் சஸ்பென்ஷன் மேடுகளின் மேலும், வைர வடிவத்தில் தைத்த மெத்தைபோல வினைல் உறை உண்டு. அதே இடைவெளியில், அதே அழுத்தத்தில் வைரம் விழாவிட்டால் விஷயம் தெரிந்தவர் கதவைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். பின்விளக்குகளின் ரப்பர் கேஸ்கட், பின்கதவின் பீடிங் இரண்டும் பார்க்க அற்பச் சாமான். இவற்றில் இடைவெளி இருந்தால், ஓடும்போது வண்டிக்குப் பின்னால் உருவாகும் காற்றுச்சுழல் புகையை உள்ளே இழுத்துவரும். இறங்கும்போது சட்டையில் பெட்ரோல் புகை நாற்றம் அடித்தால் ரெஸ்டோர் செய்தவர் கேஸ்கட்டில் காசு மிச்சம் பிடித்திருக்கிறார் என்று பொருள்.

கடைசியில் இரட்டை கார்புரேட்டரை ஒத்திசைப்பது. பழைய மெக்கானிக்குகள் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயிலும் வைப்பார்கள். காற்று இழுக்கும் 'ஸ்ஸ்' ஒலியை மனதில் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கு மாறுவார்கள். இரண்டும் ஒரே சுருதியில் கேட்கும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். சேர்ந்துவிட்டால் ஆறு சிலிண்டரும் நடுக்கமில்லாமல் ஓடும். சேராவிட்டால் ஷோரூம் பெயின்ட் அடித்தும் பயனில்லை. சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கும்.

கம்பெனி போட்ட கணக்கு

இப்போது 1997-க்குத் திரும்புவோம். இசட் பரம்பரையின் அப்போதைய வாரிசான 300 இசட்.எக்ஸ்., 1996-ல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. சம்பளக்காரனுக்காகப் பிறந்த காரின் வாரிசு 40,000 டாலரைச் சுற்றி விலை போய்க்கொண்டிருந்தது. வாங்க ஆள் இல்லை. ஷோரூமில் இசட் என்ற எழுத்தே இல்லாமல் போகும் நிலை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பழைய 240 இசட்களைப் புதுப்பித்து விற்கும் யோசனை வந்தது. இசட் வேலையில் பேரெடுத்த சில பட்டறைகளிடம் கார்களைக் கொடுத்தார்கள். ஓரளவு நல்ல வண்டியாகத் தேடி வாங்குவது, முழுவதும் பிரிப்பது, இன்ஜினைப் புதிதாக்குவது, கிடைக்கும் இடத்தில் எல்லாம் கம்பெனியின் அசல் பாகத்தைப் போடுவது என்பது திட்டம். சுமார் 200 கார் என்று ஆரம்பித்தார்கள். முடிந்து வெளியே வந்தவை நாற்பதைத் தொடவில்லை.

ஏன்? செலவு, விற்ற விலையைத் தாண்டியது. மேலே சொன்ன துருவும் தகடும் வைர வினைலும் கம்பெனிக்கு மட்டும் தள்ளுபடி தராது. அசல் பாகங்களைத் தயாரித்தவனே ரெஸ்டோர் செய்கிறான். மொத்தக் கொள்முதல், கைதேர்ந்த பட்டறை, தன் சொந்த டீலர் வலைப்பின்னல் எல்லாம் இருந்தன. அப்படி இருந்தும் கட்டுபடியாகவில்லை. பழைய கார் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டிருக்கும் என்பதுதான் காரணம். புதுக் கார் வரிசையில் ஆயிரமாவது வண்டிக்கு ஆகும் நேரம் முன்கூட்டியே தெரியும். ரெஸ்டோர் வேலையில் நாற்பதாவது வண்டியும் முதல் வண்டியைப் போலவே புதுப் பிரச்னையோடு வரும்.

விளம்பரமாகப் பார்த்தால் அது வீணாகவில்லை. இசட் மீது ஜனங்களுக்கு இன்னும் ஆசை இருக்கிறது என்று நிஸான் தலைமைக்கு நினைவூட்டிய சங்கதிகளில் அதுவும் ஒன்று. 2002-ல் 350 இசட் வந்தது. 1998-ல் அமெரிக்காவின் ஆட்டோமொபைல் புகழ்க்கூடம் கதயாமாவைச் சேர்த்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஓரங்கட்டிய மனிதரை எல்லாரும் கொண்டாடும் காட்சியைப் பார்க்க அவருக்கு ஆயுள் கெட்டியாக இருந்தது. 2015-ல் காலமானபோது வயது 105.

தொடாத வண்டிக்குத் தனி மதிப்பு

2020 ஜனவரியில் ஓர் இணைய ஏலத்தில் 1971-ன் 240 இசட் ஒன்று 3,10,000 டாலருக்குப் போனது. பழைய கார் உலகமே வாயைப் பிளந்தது. கரும்பச்சை வண்ணம், ஓடியது 21,000 மைல் சொச்சம். அதை யாரும் ரெஸ்டோர் செய்திருக்கவில்லை. அந்த விலைக்குக் காரணமே அதுதான்.

புதுப்பித்த காரை இன்னொரு முறை புதுப்பிக்கலாம். தொழிற்சாலையில் ஒட்டிய சீலும் அங்கே அடித்த பெயின்ட்டும் ஒரு முறைதான். சேகரிப்பவர்களின் சந்தை இந்த உண்மையைக் கண்டுகொண்ட பிறகு கணக்கு தலைகீழானது. உச்சியில் தொடப்படாத வண்டி. அதற்குக் கீழே, என்ன செய்யப்பட்டது என்பதற்கு ஆவணம் உள்ள ரெஸ்டோர் வண்டி. அதற்கும் வெகு கீழே, பளபளப்பு மட்டும் உள்ள வண்டி. படத்தில் பார்த்தால் மூன்றாவதுதான் முதலிடம் வாங்கும் என்பதில் இருக்கிறது ஆபத்து.

ஆகவே விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு 240 இசட்டின் முன்னால் நின்றால், பெயின்ட்டைப் பார்ப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் எண்கள். விண்ட்ஷீல்டு வழியாகத் தெரியும் டேஷ்போர்டுத் தகட்டில் சேஸிஸ் நம்பர் இருக்கும். இன்ஜின் அறையின் பின்சுவரில் அதே எண் குத்தப்பட்டிருக்கும். இன்ஜின் அறைக்குள் ஒட்டிய தகடு, சேஸிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரையும் சொல்லும். அந்த இன்ஜின் நம்பர் பிளாக்கில் குத்திய எண்ணோடு பொருந்தினால் காரோடு பிறந்த இன்ஜின். அமெரிக்க வண்டிகளில் எண் 'ஹெச்.எல்.எஸ். 30' என்று தொடங்கும். கதவு நிலையில் உள்ள தகடு தயாரான மாதத்தையும் ஆண்டையும் காட்டும். ஆரம்ப வண்டிகளில் உள்காற்று வெளியேறும் துளைகள் பின்கதவிலேயே இருந்தன. பிறகு அவை பின்தூணுக்கு இடம் மாறின. தகடு ஒரு கதை சொல்லி, பின்கதவு வேறு கதை சொன்னால் இரண்டு காரை ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, துணி சுற்றிய காந்தம். கதவுக்குப் பின்னால் உள்ள மூலையிலும் சக்கர வளைவிலும் காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான். பாட்டரியை அசைத்துப் பார்த்து அதன் தட்டுக்குக் கீழே டார்ச் அடிக்க வேண்டும். விரிப்பைத் தூக்கித் தளத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் விரிசல் இல்லை என்றால் மேலே உறை போட்டு மறைத்திருக்கிறார்களா என்று விளிம்பில் விரல் ஓட்ட வேண்டும். டேஷ்போர்டுக் கடிகாரம் ஓடுகிறதா என்றும் பார்க்கலாம். இந்த மாடலில் அது புதுசிலேயே அடிக்கடி நின்றுபோகும் என்று பேர் வாங்கியது. அது சரியாக ஓடினால், ஒருவர் அதுவரை மெனக்கெட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், படங்களும் பில்களும். உரித்த கூட்டின் படம், வெட்டி எடுத்த இடத்தின் படம், புதுத் தகடு பற்றவைத்த படம். உண்மையாக வேலை செய்த எவரும் இவற்றை எடுத்து வைக்காமல் இருப்பதில்லை. அவர்களுக்கே அது பெருமை. 'எல்லாம் முன்னாலேயே செய்தாயிற்று, படம்தான் இல்லை' என்று விற்பவர் சொன்னால், செய்யப்படவே இல்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுவதே உத்தமம்.

நிஸானின் நாற்பது கார் கணக்கு உதவிக்கு வருவது இங்கேதான். பாகங்களைச் செய்தவனுக்கே ஒழுங்கான ரெஸ்டோர் வேலையில் லாபம் நிற்கவில்லை என்றால், தனி ஒருவருக்கு எப்படி நிற்கும்? ஆசையில் செய்தவர் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது அரிது. வேலை செய்தவரின் நஷ்டத்தில் ஒரு பங்குதான் வாங்குபவருக்கு லாபமாகக் கிடைக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர் அந்த நஷ்டத்துக்குப் பல வருட சந்தோஷத்தை ஏற்கெனவே வசூலித்திருப்பார். மாறாக, மலிவாக வாங்கிய வண்டியைச் சில மாதத்தில் 'முழுமையாக' ரெஸ்டோர் செய்து நல்ல லாபத்தோடு விற்கிறவர் எதிரில் நின்றால், மிச்சம் பிடித்த பணம் எந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன் பில் கட்டை வாங்கிக் கூட்டிப் பார்க்கலாம். கூட்டுத்தொகை கேட்கிற விலையைவிட அதிகமாக இருந்தால், உட்கார்ந்து பேச வேண்டிய கார் அதுதான்.